ஊறுகாய் ஜாடிக்குள் மூன்று நாள்

அர்காடியின் மினிபஸ்ஸில் ஓட்டுநர் இருக்கையின் முதுகுப்புறம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'பெண்ணைப் பெற்றவர்களே, ஏமாறாதீர்கள்' என்று தலைப்பு. கீழே ஆறு அடையாளங்கள். பயணம் இலவசம் என்பார்கள். இளம்பெண்கள் மட்டும் வேண்டும் என்பார்கள். வெளிநாடு என்பார்கள். பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். புகைப்படம் கேட்பார்கள். இடம் கொஞ்சம்தான், சீக்கிரம் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். ஒட்டியவன் ஊர்க் காவலன் சிமியோன். அர்காடிக்கு மனைவி வழியில் மச்சான். நிஸ்பொரேனிக்கும் தலைநகர் கிஷினாவுக்கும் நடுவே ஏழு வருஷமாக அந்த நோட்டீஸை முதுகில் சுமந்து ஓட்டியதில் அர்காடிக்கு அது மனப்பாடம்.

நவம்பர் முதல் வாரத்தில் மகள் ஒத்திலியாவுக்கு ஒரு கடிதம் வந்தது. படித்தவனுக்கு, கடிதம் எழுதியவர் நோட்டீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதியிருப்பாரோ என்று தோன்றியது. இத்தாலியில், டூரினில், மூன்று வாரம் பொறியியல் பட்டறை. பதினாறு வயதுக்கு மேல் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். போக வர, தங்க, சாப்பிட, எல்லாம் இலவசம். பாஸ்போர்ட் நகல் ஒன்று, புகைப்படம் இரண்டு. எட்டே இடங்கள். மாதக் கடைசிக்குள் பெற்றோர் இருவரின் சம்மதமும் நோட்டரி முத்திரையோடு வர வேண்டும்.

ஆறுக்கு ஆறு. ஒன்று குறைந்திருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் சந்தேகம் குறைந்திருக்கும்.

"ஏம்மா, ஆம்பளப் பசங்களுக்கு ஏன் இல்லையாம்?" என்று கேட்டான்.

"அவங்க எப்பிடியும் சேந்துடறாங்க அப்பா. பொண்ணுங்கதான் வர்றதில்ல. வரவைக்கத்தான் இது."

"வரவைக்கன்னு நீயே சொல்ற பாரு."

ஒத்திலியாவுக்குப் பதினேழு வயது. வார நாட்களில் நிஸ்பொரேனிப் பள்ளி விடுதியில் இருப்பாள், சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அப்பாவிடம் வாக்குவாதம் செய்வதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவனையே பார்ப்பாள். அதற்கு வாக்குவாதம் எவ்வளவோ தேவலை.

தாயின் சம்மதம் ஏற்கெனவே முத்திரையோடு வந்துவிட்டது. தமாரா இத்தாலியில், பொலோஞாவில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்கிறாள். ஆகஸ்டில் மட்டும் ஊருக்கு வருவாள். பதினான்கு வருஷத்துக்கு முன் அவளும் ஒரு கடிதத்தை நம்பித்தான் போனாள். உணவகத்தில் வேலை என்றார்கள். கொண்டுபோனவன் ஒன்பது பெண்களின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நாலு மாதம் ஒரு கொட்டகையில் தக்காளிப் பெட்டி அடுக்க விட்டான். தப்பித்து வெளியே வந்தபிறகுதான் வீட்டுக்குப் போன் வந்தது. அந்த நாலு மாதத்தைப் பற்றி அர்காடி யாரிடமும் பேசியதில்லை. காரணம் ஒன்றுதான். அவளை வண்டியேற்றிவிட்ட அன்று, பெட்டியைத் தூக்கி வைத்து, அந்த ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கி, வழியில் குடிக்கட்டும் என்று சொந்தத் திராட்சையில் போட்ட ஒயின் ஐந்து லிட்டர் கொடுத்தனுப்பியவன் அர்காடிதான். நல்ல வருஷத்து ஒயின் வேறு.

"நீ எப்பிடி கையெழுத்துப் போட்ட?" என்று போனில் அவளைக் கேட்டான்.

"எனக்குப் பயம் இல்லன்னு நெனச்சியா? ரெண்டு ராத்திரி தூங்கல. அப்புறம் எந்திரிச்சுப் போயிப் போட்டேன். நீயும் ரெண்டு ராத்திரி தூங்காம இரு. அப்புறம் போடு."

அர்காடி பத்து ராத்திரி தூங்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக் கடைசிப் பத்தி இன்னும் மோசம். தேர்வுக் குழுவிலிருந்து ரோதிகா என்ற பொறியாளர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து மாணவியையும், அவள் செய்ததாக விண்ணப்பத்தில் சொன்ன கருவியையும் பார்ப்பாராம். வீட்டுக்கே வந்து பெண் பார்க்கிறார்கள். அர்காடி நேராகச் சிமியோனிடம் போனான்.

"வரட்டும் மச்சான்," என்றான் சிமியோன். "நானும் வந்து உக்காந்துக்கறேன். மஃப்டியில. பிள்ளைக்கு மாமான்னு மட்டும் சொல்லு. ரெண்டு கிளாஸ் உள்ள போச்சுன்னா எந்தத் திருடனும் மூணாவது கிளாசுல உண்மையப் பேசிடுவான்."

"இவ பொம்பள."

"பொம்பளைக்கு நாலாவது கிளாஸ்."

ஞாயிறு மதியம் சிமியோன் வந்தான். கட்டம்போட்ட சட்டை, கம்பளிக் குல்லா, காலில் சர்க்கார் பூட்ஸ்.

"ஏன்டா, பூட்ஸக் கழட்டக் கூடாதா?"

"மத்த ஜோடி ஈரம். காலையா பாக்கப் போறா?"

ரோதிகா வருவதற்கு முன்னாலேயே அவளைப் பற்றிய செய்தி வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வேரா போன் போட்டாள். சேறு படிந்த சின்னக் கார் ஒன்று தன் வாசலில் நின்றதாம். இறங்கிய பெண் அர்காடி எப்படிப்பட்ட ஆள், வீட்டில் மின்வேலை தெரிந்த ஆம்பளை யாராவது உண்டா, அண்ணன் தம்பி உண்டா என்றெல்லாம் விசாரித்தாளாம்.

"பாத்தியா," என்றான் அர்காடி. "வீட்டுல ஆம்பள எத்தன பேருன்னு கேக்கறா."

சிமியோன் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டான்.

வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். குட்டை முடி, வலது கட்டைவிரலில் பழைய தீக்காயம், தோளில் கணிப்பொறிப் பை. சோளக் களி, ஆட்டுப்பால் சீஸ், வதக்கிய பன்றிக்கறி, புளித்த தக்காளி எல்லாம் மேஜைமேல் இருந்தன. அவள் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். சிமியோனைத் தலைமுதல் கால்வரை ஒருதரம் பார்த்தாள். காலில் கொஞ்சநேரம் கூடுதலாக நின்றது பார்வை.

"மொதல்ல கீழ போயி நம்ம ஒயினப் பாப்போம் மேடம்," என்றான் அர்காடி. "பீப்பாயிலயிருந்து நேரா."

"வண்டி ஓட்டணும். குடிக்க மாட்டேன்."

"ஒரு கிளாஸ்."

"அரைக் கிளாசும் மாட்டேன் சார். நிலவறைக்கு வர்றேன், ஆனா காத்து எப்பிடியிருக்குன்னு தெரியாம இறங்க மாட்டேன்."

இந்த ஊரில் நிலவறைக்கு அழைத்தும் குடிக்க மாட்டேன் என்று சொன்ன விருந்தாளியை அர்காடி பார்த்ததேயில்லை. சவப்பெட்டி செய்பவன்கூட அளவெடுக்கும் முன் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். சிமியோன் உள்ளங்கையில் இன்னொரு வரி ஏறியது.

ஆனால் காற்றைப் பற்றி அவள் சொன்னது சரிதான். அக்டோபரில் சாறு நொதிக்கும்போது கரியமில வாயு நிலவறையின் அடியில் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது, வாடையும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் மேட்டுத் தெருவில் அப்பனும், அவனைத் தூக்கப் போன மகனும் ஒரே படிக்கட்டில் செத்துக் கிடந்தார்கள். எல்லோரும் மெழுகுவத்தி கொண்டுபோவார்கள், அது அணைந்தால் திரும்பி ஓடுவார்கள். ஓடக் கால் வந்தால்.

"அதுக்குத்தான் இது," என்று ஒத்திலியா ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்தாள். சோப்புப் பெட்டி அளவு. பக்கவாட்டில் துளைகள். மூலையில் பச்சையாக ஒரு விளக்கு கண்சிமிட்டியது. "வாயு ஏறுச்சுன்னா கத்தும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ அளவையும் எழுதி வச்சுக்கும். அக்டோபர்ல ஒரு வாரம் கீழ வச்சிருந்தேன். அதோட கணக்கத்தான் அனுப்புனேன்."

அர்காடி சோளக் களித் தட்டைத் தள்ளி வைத்தான்.

அந்தப் பெட்டியை அவனுக்குத் தெரியும். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பீப்பாய்க்குப் பின்னால், இருட்டில், பச்சைக் கண்ணோடு அது அவனைப் பார்த்தது. அதற்கு முந்தின நாள்தான் பஸ்ஸில் வந்த ஒரு கோட்டுக்காரன், இந்தப் பக்கம் யார் யார் வீட்டில் எத்தனை பீப்பாய் என்று பேச்சுவாக்கில் கேட்டிருந்தான். ஒட்டுக்கேட்கும் கருவி என்பதில் அர்காடிக்கு ஐயமே இல்லை. உடனே சிமியோனைக் கூப்பிட்டான். சிமியோன் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, உதட்டில் விரல் வைத்து, சைகையாலேயே வழி சொன்னான். கம்பளிக் காலுறையில் சுற்றி, மூன்று லிட்டர் காலி ஊறுகாய் ஜாடிக்குள் இறக்கி, மூடியை இறுக்கி மூடினார்கள். கேட்கிறவன் காலுறையைக் கேட்கட்டும். வெள்ளிக்கிழமை மறுபடி யோசித்தார்கள். நமக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பெட்டி இல்லை. வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று இருவரும் ரகசியமாக ஒரு கிளாஸ் குடித்துக் கொண்டாடினார்கள்.

"எங்கிட்ட நீ சொல்லவேயில்லையே," என்றான் மகளிடம்.

"சொன்னேனே. நிலவறையில ஒரு பொட்டி வச்சிருக்கேன், தொடாதன்னு. 'ம்'முன்ன. கால்பந்து பாத்துக்கிட்டிருந்த."

மேஜைக்கு அடியில் சர்க்கார் பூட்ஸ் ஒன்று அர்காடியின் கணுக்காலில் மெதுவாக மோதியது.

ரோதிகா கணிப்பொறியைத் திறந்து அவர்கள் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு கோடு, நடுங்கும் கையால் வரைந்ததுபோல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் சட்டென்று நாடி நின்றுபோன மாதிரி நேராகப் படுத்தது. பிறகு மறுபடி துடித்தது.

"மொதல்ல ஒண்ணு கேட்டுடறேன். இந்தப் பெட்டிய யார் செஞ்சது?"

"நான்," என்றாள் ஒத்திலியா.

"சார்?"

"எனக்கு பல்பு மாட்டத்தான் தெரியும். அதுவும் மாட்டினப்புறம் பயந்துட்டு விலகி நிப்பேன்."

"கேக்காம இருக்க முடியல, கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் பத்து வீட்டுக்குப் போனேன். ஏழு வீட்டுல நான் பொண்ணக் கேட்டா அப்பா பதில் சொன்னார்." அவள் ஒத்திலியாவிடம் ஒரு திருப்புளியை நீட்டினாள். "தொற."

ஒத்திலியா திறந்தாள். எது எதற்கு, ஏன் இந்தக் கம்பி நீளம், ஏன் துளை பக்கவாட்டில் என்று ரோதிகா கேட்கக் கேட்கச் சொன்னாள். தண்ணீர் சொட்டி முதல் பெட்டி கெட்டுப்போனதையும் சொன்னாள். அர்காடிக்கு அதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி, இந்தப் பிள்ளை இவ்வளவு பேசுவாள் என்பது.

"சரி. நீதான் செஞ்சிருக்க," என்றாள் ரோதிகா. "இப்ப இத சொல்லு. செவ்வாய் சாயந்தரம் அஞ்சே முக்காலுலயிருந்து வெள்ளி சாயந்தரம் வரைக்கும் கோடு அசையவேயில்ல. நொதிக்கற நிலவறையில மூணு நாள் இப்பிடி இருக்காது. கதவு தொறப்பாங்க, மூடுவாங்க, குளிரும். மிஷின் இவ்வளவு நேரா எழுதாது. மனுஷங்கதான் எழுதுவாங்க."

ஒத்திலியாவின் முகம் சிவந்தது. "நான் எழுதல."

"குழுவுல ரெண்டு பேரு உன்ன எடுக்கணும்ங்கறாங்க. ரெண்டு பேரு, பேட்டரி தீந்துபோயி, நடுவுல நீயே நம்பர் போட்டு நெரப்பிட்டன்றாங்க. அஞ்சாவது ஆள் நான்."

"பேட்டரி தீரல. ஏன்னு எனக்கும் தெரியல. தெரியலன்னு அனுப்புன காகிதத்துலயே எழுதியிருக்கேன்."

"படிச்சேன். அது எனக்குப் பிடிச்சிருந்தது. ஆனா பிடிச்சது போதாதே. காரணம் தெரியலன்னா என்னால கை தூக்க முடியாது."

சிமியோன் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த நாட்காட்டியைப் படிக்க ஆரம்பித்தான்.

அர்காடி கணக்குப் போட்டான். அவன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். இந்த அம்மாள் எழுந்து, கைகுலுக்கி, காரில் ஏறிப் போய்விடுவாள். டூரின் இல்லை, நோட்டரி இல்லை. மகளிடம் மாட்டேன் என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை. சனிக்கிழமைதோறும் பிள்ளை வீட்டுக்கு வரும். பெட்டியைத் தூக்கி யாருடைய வண்டியிலும் வைக்க வேண்டாம். இத்தனை சுலபமாக ஒரு காரியம் அவன் வாழ்க்கையில் முடிந்ததேயில்லை.

ஒத்திலியா பெட்டியை மறுபடி மூடிக்கொண்டிருந்தாள். திருகாணி ஒன்று விரலிலிருந்து நழுவி மேஜையில் உருண்டது. அவள் அதைத் தேடவில்லை.

"நான் பொய் சொல்லல அப்பா," என்றாள். ரோதிகாவிடம் அல்ல, அவனிடம். அவனும் சந்தேகப்படுகிறான் என்று நினைத்துவிட்டாள். ஊரையே சந்தேகப்படுகிறவன், இவளை மட்டும் விட்டுவைப்பான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

அர்காடி திருகாணியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"ஜாடிக்குள்ள இருந்துச்சு," என்றான்.

"எது?"

"பெட்டி. மூணு நாளும் ஊறுகாய் ஜாடிக்குள்ள இருந்துச்சு மேடம். நான்தான் போட்டேன். காலுறையில சுத்தி."

ரோதிகா அவனையே பார்த்தாள். "எதுக்கு?"

"ஒட்டுக்கேக்குற மிஷின்னு நெனச்சேன்."

"உங்கள யாரு ஒட்டுக்கேக்கப் போறா?"

இந்தக் கேள்வியை அவன் அதுவரை தன்னைக் கேட்டுக்கொண்டதேயில்லை. உள்ளது உள்ளபடி சொன்னான். பச்சைக் கண், பஸ்ஸில் வந்த கோட்டுக்காரன், வெள்ளிக்கிழமைத் தந்திரம், வெற்றிக் கொண்டாட்டம். சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரியும் முந்தியதைவிடக் கேவலமாக இருந்தது. ஒத்திலியா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தான். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, சிரிப்பு.

"இவருக்கு நான் சாட்சி," என்று சிமியோன் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து நீட்டினான். செவ்வாய், மாலை 5.45. அடையாளம் தெரியாத பொருள். ஜாடியில் அடைக்கப்பட்டது. பக்கத்தில் காவல்துறை ரப்பர் முத்திரை.

"மாமாவுக்கு ஏது முத்திரை?"

சிமியோன் பூட்ஸை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"மாமாவும் இவருக்குச் சொந்தம்," என்றாள் ரோதிகா. "பிள்ளைக்காக அப்பா பொய் சொல்வார். அப்பாவுக்காகச் சொந்தக்காரர் முத்திரை குத்துவார். எனக்கு ரெண்டும் வேண்டாம். அந்த ஜாடி இருக்கா?"

இருந்தது. காலுறையும் இருந்தது. அர்காடி இப்போது காலில் போட்டிருந்ததே அதுதான். கழற்றிக் கொடுத்தான்.

மெழுகுவத்தியும் பெட்டியுமாக நாலு பேரும் நிலவறைக்கு இறங்கினார்கள். பெட்டி கத்தவில்லை. ரோதிகா அதை இரண்டாம் பீப்பாய்க்குப் பின்னால் முக்கால் மணி நேரம் வைத்தாள். அளவை நிமிஷத்துக்கு ஒன்றாக மாற்றச் சொன்னாள். பிறகு காலுறை, ஜாடி, மூடி, இன்னொரு முக்கால் மணி நேரம். மூடியை மூடும்போது, "அன்னிக்கு எவ்வளவு இறுக்குனீங்க?" என்று கேட்டாள். அர்காடி இறுக்கிக் காட்டினான். "மாமா சார், இது சரியா?" என்று சிமியோனைத் தனியாகக் கேட்டாள்.

காத்திருந்த நேரத்தில் அவள் படியில் உட்கார்ந்து ஊறுகாய்த் தக்காளியைத் தின்றாள். அர்காடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பெண் அவன் பேச்சை நம்பவில்லை. காவலனை நம்பவில்லை, முத்திரையை நம்பவில்லை. தன் கண்ணால் பார்க்கும்வரை வீட்டுக்குப் போகவும் மாட்டாள்போல. பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கு ஒரு அந்நியரைப் பிடித்தது.

கணிப்பொறியில் கோடு வந்தது. முதல் பாதி நடுங்கியது. இரண்டாம் பாதி, ஜாடி மூடிய நிமிஷத்திலிருந்து, படுத்துவிட்டது.

"சரி," என்றாள் ரோதிகா. அவ்வளவுதான். பிறகு ஒத்திலியாவைப் பார்த்து, "காகிதத்துல 'தெரியல'ன்னு இருக்கற எடத்துல காரணத்த எழுதி நாளைக்கு அனுப்பு," என்றாள்.

"என்னன்னு எழுத?"

"அப்பான்னு எழுது."

மேலே வந்ததும் அர்காடி கேட்டான். "மூணு வாரமும் இதத்தான் சொல்லித் தருவீங்களா தங்கச்சி? எவன் பேச்சையும் நம்பாம அளந்து பாக்கறத?"

"வேற என்ன இருக்கு அண்ணே."

"பாஸ்போர்ட்டு யாருகிட்ட இருக்கும்?"

"பிள்ளைகிட்ட. யாரும் வாங்கி வைக்கக் கூடாது. கடிதத்துல நாலாம் பக்கம், மொதல் விதி. படிக்கலையா?"

"மூணாம் பக்கத்தோட முடிவு பண்ணிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. "உங்க ஆளு யாராவது இத்தாலியில இருக்காங்களா? முன்னாடியே போயி எடத்தப் பாக்கச் சொல்லுங்க. நான் சொல்றத நம்ப வேண்டாம்."

தமாரா அடுத்த ஞாயிறே ரயிலேறிப் போய்ப் பார்த்தாள். வாசல், வகுப்பறை, கழிவறை, சமையலறை, அவசர வழி எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினாள். ஜன்னலுக்குக் கம்பி இல்லை என்று தனியாக ஒரு படம். அர்காடி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். புதன்கிழமை நோட்டரியிடம் போனான். காகிதத்தை அவர் இரண்டுதரம் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. மகளும் அருகில் இருந்தாள். அது தன் கையெழுத்துதான் என்று நோட்டரியிடம் அவனே இருமுறை உறுதி சொன்னான்.

ஜூனில் புறப்பாடு. முந்தின நாள் மத்தியானம், மகளின் சட்டைக்குள் பாஸ்போர்ட் வைக்க அவன் கையாலேயே ஒரு ரகசியப் பை தைத்தான். கியர் போட்டே பழகிய விரல்களுக்கு ஊசி அடங்கவில்லை. இரண்டு மணி நேரம் ஆனது. எந்தக் கள்ளனும் பிடுங்க முடியாதபடி மூன்று சுற்றுத் தையல்.

ஒத்திலியா பாஸ்போர்ட்டை எடுத்துப் பையின் வாயில் வைத்துப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. ஒரு விரல் அகலம் குறைந்தது.

"அளந்தியா அப்பா?"

"கண்ணால பாத்தேன்."

அவள் அளவுகோலை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். அர்காடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையலைப் பிரிக்கத் தொடங்கினான்.